டப்பாவில் யார் பெயர் எழுதியிருக்கிறது?

கேள்வி: வணக்கம் மேடம். பவானி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 29 வயது, வீட்டுக்காரருக்கு 34. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அவர் பெருந்துறை சிப்காட்டில் ஒரு சாயப்பட்டறையில் துணியைச் சூட்டில் காயவைக்கிற ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறார். எனக்கு ஸ்கேன், குழாய் டெஸ்ட் எல்லாம் நார்மல். அவருக்கு விந்தணு 40 லட்சம்தான் இருக்கிறது, ஓட்டம் 20 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு சென்டரில் ஐயூஐ, அதாவது கழுவிய அணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது, செய்யலாம் என்றார்கள். அங்கே கவுன்சலிங் கொடுத்த பெண், "எதுக்கும் கொஞ்சம் டோனர் கலந்து வெச்சுக்கலாம், சீக்கிரம் நின்னுரும்" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். டோனர் என்றால் வேறொரு ஆணின் விந்து. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த வாரமே டிவியில் 'குற்றம் 23' படம் போட்டார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். கருத்தரிப்பு சென்டரில் அணுவை மாற்றி வைத்து, அப்புறம் மிரட்டுகிற கதை. அதிலிருந்து அவர் "எந்த சென்டருக்கும் வர மாட்டேன்" என்கிறார். அத்தை, "பொறந்ததுக்கப்புறம் டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கலாம்" என்கிறார். இதெல்லாம் நிஜமாகவே நடக்குமா? எங்களுடையதைத்தான் வைக்கிறார்கள் என்று எப்படி நம்புவது? ரொம்ப வெசனமா இருக்குதுங்க.
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

அம்மிணி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படத்தைப் பற்றிய கேள்வியாகத்தான் தெரிந்தது. இரண்டாவது முறை, நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டு நீங்கள் தாண்டிப்போன விஷயத்தில் நின்றுவிட்டேன். 'கொஞ்சம் டோனர் கலந்து.' உங்கள் வீட்டில் எல்லோரும் படத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்தது அந்த ஒரு வரி. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. கோவையில் 19 வருடமாகக் கருத்தரிப்பு ஆய்வகத்தில் எம்பிரியாலஜிஸ்டாக இருக்கிறேன். கணவருடைய விந்தைக் கழுவி நல்ல அணுவைப் பிரித்துத் தருவது, கருமுட்டையோடு சேர்ப்பது, கருவை வளர்ப்பது, உறைய வைப்பது எல்லாம் எங்கள் வேலை. நோயாளிகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். இப்படிப்பட்ட கதைகளில் சந்தேகம் முதலில் விழுவது கதவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மேல்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. பார்க்க முடியாத இடத்தில் தன் உயிர்க்கூறு கை மாறுகிறது என்றால் யாருக்கும் பயம் வரும். வரவும் வேண்டும்.

அந்தப் படம் வந்தது 2017 மார்ச்சில். நம்ம கோவைக்காரர் ராஜேஷ்குமாரின் நாவலை வைத்து அறிவழகன் எடுத்தது. அது வந்தபோது இந்தத் தொழிலுக்கென்று நாட்டில் தனிச் சட்டமே இல்லை. 2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மட்டும் இருந்தன. நெறியை மீறினால் என்ன தண்டனை என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலை. 2021 டிசம்பரில்தான் செயற்கை முறை கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது, 2022 ஜனவரி 25-ல் நடைமுறைக்கு வந்தது. ஆக, நீங்கள் டிவியில் பார்த்தது சட்டத்துக்கு முந்தைய காலத்துக் கதை. இன்றைக்கு நீங்கள் ஒரு சென்டருக்குள் போகும்போது உங்கள் கையில் இருக்கும் உரிமைகள் அந்தக் கதையில் வருகிற பெண்களுக்கு இருந்ததில்லை.

சரி, நிஜத்தில் மாறுமா? மாறியிருக்கிறது. டெல்லியில் ஒரு தம்பதி 2008-ல் சிகிச்சை எடுத்து, 2009-ல் அவர்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஒரு குழந்தையின் ரத்த வகை ஏபி பாசிட்டிவ். பெற்றோரில் ஒருவர் பி பாசிட்டிவ், இன்னொருவர் ஓ நெகட்டிவ். ஓ வகைக்காரருக்கு ஏபி வகைக் குழந்தை பிறக்க வழியில்லை. அங்கே தொடங்கிய சந்தேகம் டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போனது. தந்தையுடைய அணு இல்லை என்று தெரிந்தது. 2023 ஜூனில் தேசிய நுகர்வோர் ஆணையம் ஒன்றரைக் கோடி ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. பிள்ளைகள் பிறந்து பதினான்கு வருடம் கழித்து. மிரட்டல், கொலை, துரத்தல் எதுவும் இல்லாமலேயே ஒரு குடும்பத்தின் வாழ்க்கை ஆடிப்போயிற்று.

ஒரு ஆய்வகத்தில் அணு மாறுவதற்கு வில்லன் தேவையில்லை. கூட்டமான ஒரு காலை நேரம் போதும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே நாள் காலையில் இரண்டு தம்பதிகள் ஐயூஐக்கு வந்திருந்தார்கள். இரண்டு பெண்களுக்கும் பெயர் கௌசல்யா. இரண்டு கணவர்களுக்கும் பெயர் செந்தில்குமார். நம்ம ஊரில் இது அதிசயமே இல்லை, ஒரு தெருவுக்கு மூன்று செந்தில்குமார் இருப்பார்கள். ஒரு டப்பாவில் பெயரோடு பதிவு எண்ணும் இருந்தது. இன்னொன்றில் அவசரத்தில் பெயர் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டும் அரை மணி இடைவெளியில் என் மேசைக்கு வந்தன. நான் சோதனைக் குழாயில் ஊற்றப் போனபோது பக்கத்தில் நின்று சரிபார்த்த பெண், அன்றைக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண், "அக்கா, இதுல நம்பர் எங்கே?" என்று கேட்டாள். கை நின்றது. எது யாருடையது என்று எனக்கு 95 சதவீதம் தெரியும். ஆனால் இந்த வேலையில் 95 போதாது. இரண்டையுமே கொட்டிவிட்டோம். வெளியே போய் இரண்டு தம்பதிகளிடமும் நடந்ததை அப்படியே சொன்னேன். ஒருவர் மறுபடி சாம்பிள் கொடுத்தார். இன்னொருவரால் அன்றைக்கு முடியவில்லை. அவர்களுக்கு அந்த மாதமே வீணானது. அந்தக் கணவர் என்னைத் திட்டினார். அவர் திட்டியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எண் இல்லாத டப்பாவை நான் கையால் தொடுவதில்லை.

நான் இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. மாறக்கூடிய இடங்கள் எவை என்று தெரிந்தால், அங்கே நின்று நீங்களே கேட்கலாம். அதற்காகத்தான்.

முதல் இடம், டப்பா. அதன் மேல் கணவன் பெயர், மனைவி பெயர், பதிவு எண், தேதி நான்கும் இருக்க வேண்டும். மூடியில் எழுதினால் போதாது, மூடி கழன்றுவிடும். டப்பாவின் உடம்பில் எழுத வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்குவதற்கு முன்பே, அவர் கண்ணெதிரே எழுதியிருக்க வேண்டும். திரும்பக் கொடுக்கும்போது, "நீங்க செந்தில்குமாருங்களா?" என்று கேட்டால் அது சரியான முறை இல்லை. பதற்றத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்ன, சம்சாரம் பேர் என்ன, பிறந்த தேதி என்ன" என்று கேட்டு அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். அப்படிக் கேட்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வரும். எரிச்சல் படாமல் மூன்று முறை கேட்டால் இன்னும் நம்பிக்கை வரும்.

இரண்டாவது இடம், நீங்கள் பார்க்க முடியாத எங்கள் அறை. அங்கே ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஒரு தம்பதியின் பொருள் மட்டும்தான் இருக்க வேண்டும். அணுவைக் கழுவும்போதும், கருமுட்டையோடு சேர்க்கும்போதும், கருவை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றும்போதும், உறைய வைக்கும்போதும் பக்கத்தில் இன்னொருவர் நின்று பெயரையும் எண்ணையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பேச்சில் இதற்கு 'விட்னெஸ்' என்று பெயர். ஒவ்வொரு படிக்கும் நேரம் குறித்து இரண்டு கையெழுத்து. சில பெரிய இடங்களில் தட்டின் அடியில் சிப் ஒட்டி, தப்பான தட்டு மேசைக்கு வந்தால் அலாரம் அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அது இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இரண்டாவது ஆள் ஒழுங்காக நின்றாலே போதும். "உங்க லேப்ல டபுள் விட்னெஸ் பண்றீங்களா? எங்க பைலில் அந்த ஷீட்டைக் காட்டுவீங்களா?" என்று கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டதும் முகம் மாறுகிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

மூன்றாவது இடம், கரு வைக்கிற அன்றைக்கு. கருவை எடுத்துக்கொண்டு வரும்போது உங்கள் இருவர் பெயரையும் உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நிறைய இடங்களில் திரையில் கருவைக் காட்டுவார்கள், தட்டில் எழுதிய பெயரும் தெரியும். அந்த நேரத்தில் வீட்டுக்காரரை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 'டோனர் கலந்து' விஷயம். அந்தப் பெண் சொன்னது சட்டப்படி செய்யக் கூடாத காரியம். 2021 சட்டத்தின் 24-வது பிரிவு இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு சிகிச்சைச் சுழற்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆணின் அணுவைப் பயன்படுத்தக் கூடாது; இரண்டு பேருடைய விந்தை ஒருபோதும் கலக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் சில இடங்களில் இப்படிக் கலந்து வைக்கிற வழக்கம் இருந்தது. கணவனுக்கு 'நம்முடையதாகவும் இருக்கலாம்' என்று ஓர் ஆறுதல் கிடைக்கட்டும் என்று காரணம் சொல்வார்கள். யாருடையது என்று யாருக்கும் தெரியாமல் போவதற்கு அது வழி. அதனால்தான் சட்டம் அதை அடைத்தது. டோனர் தேவைப்பட்டால் அது தனி முடிவு. கணவன், மனைவி இருவரும் தெரிந்து, புரிந்து, எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு, பதிவு பெற்ற வங்கியிலிருந்து, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய் எல்லாம் சோதித்த அணுவைத்தான் வாங்க வேண்டும். ஒரு டோனருடைய அணுவை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. மனைவியின் காதில் மட்டும் மெதுவாகச் சொல்லி முடிவெடுக்க இதில் எந்த இடமும் இல்லை.

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 லட்சம் என்பது ஒரு மில்லிக்கு. இரண்டு மில்லி வந்தது என்று வைத்தால் 80 லட்சம். அதில் ஓடுவது 20 சதவீதம், அதாவது 16 லட்சம். கழுவிய பிறகு அதிலும் குறையும். ஐயூஐ செய்வதற்குக் கழுவிய பின் ஓடுகிற அணு குறைந்தது 50 லட்சமாவது கையில் இருந்தால்தான் எங்களுக்கு ஓரளவு நம்பிக்கை. ஆக, இந்தக் கவுண்ட்டுக்கு ஐயூஐ நிற்பது கஷ்டம் என்று அந்த சென்டருக்குத் தெரியும். தெரிந்தும் ஐயூஐ என்று சொல்லி, நிற்க வைக்க வேறு வழி தேடியிருக்கிறார்கள். எனக்கு இது கோபம் வருகிற இடம். 40 லட்சம் அணு உள்ள ஒருவருக்கு டோனர் தேவையே இல்லை அம்மிணி. இக்ஸி என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு கருமுட்டைக்கு ஒரே ஒரு அணுவை எடுத்து, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் உள்ளே வைப்பது. பெல்ஜியத்தில் 1992-ல் முதல் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். பத்து கருமுட்டை கிடைத்தால் பத்து அணு போதும். உங்கள் வீட்டுக்காரரிடம் லட்சக்கணக்கில் இருக்கிறது. விந்தில் அணுவே இல்லாதவர்களுக்குக்கூட விதையிலிருந்து நேரடியாக எடுத்து நான் செய்திருக்கிறேன், குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. ரிப்போர்ட் ஒரு தடவைதான் எடுத்தீர்களா? ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஆணுக்கு முடிவு சொல்லக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அளவுப்படி மில்லிக்கு ஒரு கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அணு ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். ஆகவே இன்றைய ரிப்போர்ட் காட்டுவது இரண்டரை மாதத்துக்கு முந்தைய உடம்பை. அப்போது அவருக்கு டெங்கு, சிக்குன்குனியா மாதிரி கடுமையான காய்ச்சல் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் கவுண்ட் விழும், தானாக ஏறவும் செய்யும்.

அப்புறம் அந்த ஸ்டென்டர். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது முக்கியம். விதைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே உடம்பின் சூட்டைவிட இரண்டு டிகிரியாவது குறைவான இடம் அவற்றுக்கு வேண்டும் என்பதுதான். ஸ்டென்டர், பாய்லர், இரும்பு உருக்கும் பட்டறை இவற்றின் பக்கத்தில் ஷிப்ட் ஷிப்டாக நிற்பவர்களின் ரிப்போர்ட்கள் திருப்பூர், பெருந்துறைப் பக்கமிருந்து என் மேசைக்கு நிறைய வருகின்றன. எல்லாவற்றுக்கும் சூடுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதத்துக்கு மெஷினின் வாய்ப்பக்கம் இல்லாமல், துணி மடிக்கிற பக்கமோ பேக்கிங்கோ கேட்டு வாங்க முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள். சிறுநீரக, ஆண்மை மருத்துவர் ஒருவரிடம் வெரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருப்பது, இருக்கிறதா என்று கையால் பரிசோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருந்தால் சரிசெய்யலாம். சிகரெட், பான் மசாலா இருந்தால் நிறுத்த வேண்டும். ஜிம்மில் யாராவது ஹார்மோன் ஊசி போட்டுவிட்டிருந்தால் அதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடும். 

ஆறு வருடத்தில் உங்களை எத்தனை கோயிலுக்கு அனுப்பியிருப்பார்கள், திருச்செங்கோட்டு மலையில் வறடிக்கல் சுற்றச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. உங்களுக்கு எல்லா டெஸ்ட்டும் முடிந்திருக்கிறது. அவருக்கு ஒன்றுதான் முடிந்திருக்கிறது. இந்தக் கணக்கை எங்கள் ஊர்க் குடும்பங்களில் மாறி நான் பார்த்ததே இல்லை, அது எனக்குத் தீராத ஆதங்கம்.

இதெல்லாம் நிஜமாகவே நடக்குமா என்று கேட்டீர்கள். மருத்துவக் குற்றம் நடக்கிறது, நம்ம பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுப் பெண் குழந்தையிடமிருந்து பல முறை கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு வந்தது. ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். கைதானவர்களில் அந்தப் பிள்ளையின் தாயும் இருந்தார். சட்டப்படி கருமுட்டை கொடுப்பவருக்கு வயது 23-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும், வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அந்த செய்தியைப் படித்த அன்று நான் ஆய்வகத்தில் உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை. அந்த முட்டைகளை வாங்கி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் என் தொழிலைச் செய்கிறவர்கள்தானே. அட்டையில் இருந்த வயதை அவர்கள் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருவராவது பார்த்தார்களா?

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் புரோக்கர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தது. அதே மாதம் ஹைதராபாத்தில், வாடகைத் தாய் பெற்ற உங்கள் குழந்தை என்று சொல்லி, ஏழைப் பெற்றோரிடம் வாங்கிய குழந்தையை ஒரு தம்பதி கையில் கொடுத்ததாக வழக்கு வந்தது, டி.என்.ஏ. பொருந்தவில்லை. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு புரோக்கர், பின்னால் கடன்பட்ட ஒரு குடும்பம், முன்னால் ஒரு பொய் அட்டை. படத்தில் பணம் கட்டி வைத்தியம் பார்க்க வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நிஜத்தில் முதலில் மாட்டிக்கொள்வது உடம்பைத் தவிர விற்க ஒன்றுமில்லாதவர்கள். ஆகவே சென்டரிலோ வெளியிலோ 'ஆள் இருக்குது, ஏற்பாடு பண்ணித் தரேன்' என்று யாராவது நெருங்கி வந்தால், அது உங்களுக்கு உதவியாகவே தெரிந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். வரவேற்பறையில் மாட்டியிருக்க வேண்டும். ஐயூஐ மட்டும் செய்யும் இடம் நிலை 1, இக்ஸி செய்ய நிலை 2 பதிவு வேண்டும். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில்தான் நீட்டுவார்கள். தமிழில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வரிக்கு வரி தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அவசரப்படுத்தினால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு அடுத்த நாள் கையெழுத்துப் போடுங்கள். டோனர் பற்றிய பக்கம் வந்தால் அதைக் குறுக்காக அடித்து, 'எங்கள் இருவருடைய அணுவும் கருமுட்டையும் மட்டும்' என்று கையால் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கரு வைக்கிற நிமிடம் வரைக்கும் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். புகார் சொல்ல அந்தந்த சென்டரிலேயே ஒரு குறைதீர்ப் பிரிவு இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே கேட்கவில்லை என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். அந்தக் கவுன்சலிங் பெண் சொன்னதையும் நீங்கள் அங்கே எழுதிக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

அத்தை சொன்ன டெஸ்ட். டி.என்.ஏ. சோதனை செய்யலாம், தடை ஒன்றுமில்லை. ரத்த வகை டெல்லி மாதிரி சில நேரம் 'இல்லை' என்று காட்டும், 'ஆமாம்' என்று ஒருபோதும் காட்டாது. வகை பொருந்தியதை வைத்து நிம்மதி அடையவும் கூடாது, ஊரார் பேச்சுக்குப் பயப்படவும் கூடாது. ஆனால் பிறந்த பிறகு சோதித்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடு சிகிச்சையைத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்பது மாதம் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்துச் சுமக்கப்போவது நீங்கள். பிறந்ததும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைப் பார்க்கிற கண் அந்த ரிப்போர்ட் வரும்வரை வேறு மாதிரி இருக்கும். டப்பாவில் பெயர் எழுதுகிற இடத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள், அத்தையிடமும் இதைச் சொல்லுங்கள். வேண்டுமானால் முதல் நாள் அவரையும் சென்டருக்குக் கூட்டிப்போங்கள். பெரியவர்கள் கூட வந்தால் அங்கே இருப்பவர்களும் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள்.

கடைசியாக வீட்டுக்காரர். டோனர் பேச்சை அவரிடம் மறைத்திருக்கிறீர்கள். அவர் மனசு நோகுமே என்றுதான். ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த சென்டரில் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியவர்கள் அவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க மாட்டார்களா? படத்தைப் பார்த்த அன்றிலிருந்து 'எந்த சென்டருக்கும் வர மாட்டேன்' என்று ஒரு மனிதர் சொல்கிறார் என்றால், அந்தப் பயம் படம் போடுவதற்கு முன்பே அவருக்குள் வந்திருக்கலாம். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து, 'நமக்குப் பதிலா வேற ஆள்' என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டிருக்கலாம். ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். என் ஆய்வக ஜன்னலில் டப்பாவைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போகிற எத்தனையோ பேரைப் பார்க்கிறேன்.

அவரிடம் சொல்லுங்கள். பொழுதோட, சாப்பாடு முடிந்து, அத்தை தூங்கிய பிறகு. அந்தப் பெண் சொன்னதையும் சொல்லுங்கள், நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வந்ததையும் சொல்லுங்கள். இக்ஸிக்கு ஒரு முட்டைக்கு ஒரு அணு போதும், அவருடையதே போதும் என்ற கணக்கையும் சொல்லுங்கள். இந்தப் பதிலையே அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரி.

பிறகு அவர் முதலில் போக வேண்டியது கருத்தரிப்பு சென்டருக்கு இல்லை. சாதாரணமான நல்ல லேப் ஒன்றில் மூன்று நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு இன்னொரு விந்துப் பரிசோதனை, அப்புறம் ஆண்மை மருத்துவர். வெரிகோசீல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் பக்கம் மாறி மூன்று மாதம் கழித்து மூன்றாவது பரிசோதனை. உங்களுக்கு 29 வயதுதான், மூன்று மாதம் பொறுப்பதால் எதுவும் கைநழுவிப் போகாது. சாம்பிளை வீட்டிலிருந்து எடுத்து வர வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டிலேயே வந்து சேர வேண்டும், உங்கள் ஊரிலிருந்து அது சிரமம். லேபிலேயே கொடுக்கட்டும். டப்பாவை வாங்கும்போது அவரையே பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரையும் உங்கள் பெயரையும் தன் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று ரிப்போர்ட்டும் வந்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.